வடிவீஸ்வரத்தில் எங்கள் ஓட்டு வீட்டைப் பழுது பார்த்த குழு: என் அனுபவம்

நாகர்கோவிலில் பழைய ஓட்டு வீட்டை இடிக்காமல் சரிசெய்து தர ஆள் கிடைக்குமா என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிடைப்பார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் நல்ல வேலைக்காரர்கள், இனி ஒரு வேலை வந்தாலும் அவர்களைத்தான் கூப்பிடுவேன். ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் அவர்கள் சரிப்பட்டு வரமாட்டார்கள், அது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடு வடிவீஸ்வரத்தில், அழகம்மன் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கிறது. தாத்தா கட்டியது. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். தெருவில் திண்ணை, அப்புறம் நடை, பட்டாசாலை என்கிற கூடம், கையகல முற்றம், இரண்டு அறை, அடுக்களை, புறவாசலில் கிணறு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். பட்டாசாலைக்கு மேல் பலகை அடித்த மச்சு, அதற்கு மேல் ஓடு. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். ஒரு காலத்தில் தெரு முழுக்க இப்படித்தான் இருந்தது. இந்தத் திண்ணையில் ஏறினால் தெருமுனை வரைக்கும் திண்ணை வழியாகவே நடந்து போய்விடலாம். இப்போது பாதிக்கு மேல் மாடி வீடுகள், ஒன்றிரண்டு அடுக்குமாடி, நடுவில் எங்களைப் போல மிஞ்சியவர்கள்.

மாடி வீடு கட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று சென்ட் மனையில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருக்க வேண்டுமென்றால் மேலே போகத்தான் வேண்டும். வயதானவர்களுக்கு அறைக்குள்ளேயே குளியலறை வேண்டும், மழையில் புறவாசலுக்கு ஓட முடியாது. என் கோபமெல்லாம் வேறு விஷயத்தில்தான். நன்றாக நிற்கிற வீட்டைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு இடிக்கச் சொல்கிறார்களே, அதில்.

எங்கள் வீட்டைப் பார்க்க முதலில் வந்த ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பட்டாசாலைச் சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மச்சில் ஒரு மூலை ஒழுகியது. 'சுவர் செத்துப்போச்சு, சதுர அடிக்கு 2,500 ரூபாயில் புதுசாக் கட்டித் தாறேன்' என்றார் ஒருவர். இன்னொருவர் சுவரைத் தொடக்கூட இல்லை, தேக்குத் தூணையும் தெருவாசல் கதவையும் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, 'இதுக்குத் தனியா ஒரு விலை போட்டுருவோம்' என்றார். பழைய தூணுக்கும் கதவுக்கும் வெளியூர் ஓட்டல்களில் இப்போது நல்ல கிராக்கி என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மதிப்பீட்டுக்குப் போகிற பொறியாளர்கள் இந்த மாதிரி வீட்டுக்கு எப்படி அறிக்கை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். மனைக்கு முழு விலை, கட்டடத்துக்குத் தேய்மானம் போக ஏறக்குறைய ஒன்றுமில்லை. காகிதத்தில் செல்லாத வீட்டை யார்தான் மெனக்கெட்டுப் பார்ப்பார்கள்?

இந்தக் குழு சுசீந்திரத்தில் இருக்கிற என் சித்தி வீட்டு வழியாகக் கிடைத்தது. இரணியல் பக்கத்து ஆசாரி ஒருவர், அவருடைய கூட்டாளியான கொத்தனார், ஓடு மேய்கிற இரண்டு பேர், கையாட்கள். கம்பெனிப் பெயரோ போர்டோ கிடையாது. ஒரு வீட்டில் பார்த்து இன்னொரு வீட்டில் கூப்பிடுகிறார்கள், அப்படியே ஓடுகிறது. பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று ஆசாரி கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. ஓட்டு வீட்டுக்காரர்களிடம் விசாரித்தால் இப்படிப்பட்ட குழுக்கள் ஊருக்கு ஒன்றிரண்டு இருப்பது தெரியவரும்.

முதல் நாள் வந்தவர்கள் விலையே சொல்லவில்லை. 'நல்ல மழ பெய்யும்போ கூப்பிடுங்க அக்கா, வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்' என்றார் ஆசாரி. நம் மாவட்டத்தில் மழைக்காகக் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. ஆனி, ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. ஆனிச் சாரலில் ஒரு மத்தியானம் இரண்டு பேரும் குடையோடு வந்தார்கள். மச்சில் ஏறி டார்ச் அடித்து உட்கார்ந்தார்கள். முற்றத்தில் நின்று ஓட்டு நுனியில் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தெறிக்கிறது என்று பார்த்தார்கள். தெருவில் இறங்கி ஓடையைப் பார்த்தார்கள். உத்தரத்தைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார்கள். அம்மாவுக்கு அப்போதே திருப்தி. 'வாயத் தொறக்காம பாத்துக்கிட்டே இருக்கான், இவன் போதும்' என்றாள்.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஆசாரி சொன்னதுதான் இந்த வேலைக்கே அடிப்படை. 'வீட்டுக்கு வயசாயிட்டுன்னு எல்லாவனும் சொல்லுதான். வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தண்ணி வர வழிய மாத்திட்டிய, போற வழிய அடச்சிட்டிய. அவ்வளவுதான்.'

தண்ணீர் வருகிற வழி என்று அவர் காட்டிய முதல் இடம் தெரு. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப்போன எங்கள் திண்ணைக்கு இப்போது ஒரு படிதான் இருக்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் அடித்தளக் கல்லைத் தொட்டு நிற்கிறது. பழைய சுவர் அதை உறிஞ்சி மேலே இழுக்கும். முன்பெல்லாம் உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். 90-களில் அப்பா இருக்கும்போது வந்த ஒரு கொத்தனார், உறுதியாக இருக்கட்டும் என்று உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி, அதற்கு மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட்டுப் போனார். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. உப்பு சேர்ந்து சிமெண்ட்டைப் பொரியவைத்தது. பொரிந்த இடத்தில் மறுபடி சிமெண்ட். ஈரம் இன்னும் ஒரு முழம் மேலே ஏறியது. செத்துப்போச்சு என்று சொல்லப்பட்ட சுவரில் சிமெண்ட்டை உரித்துப் பார்த்தால் உள்ளே செங்கல் முக்கால்வாசி கல்லுப்போல இருந்தது.

இரண்டாவது இடம் பொதுச்சுவர். மேற்குப் பக்கத்து வீட்டை இடித்து மூன்று மாடி கட்டினார்கள். ஜேசிபி வைத்து இடித்தபோது எங்கள் பக்கத்துக் கழுக்கோல் (ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரம்) சாய்ந்திருந்த சுவரின் தலைப்பகுதி ஆடிவிட்டது. புதுச் சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து விழுந்தது. தென்மேற்குக் காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். சாரல் மொத்தமும் அந்தச் சந்தில் இறங்கி எங்கள் மச்சுக்கு வந்தது. ஓட்டை மாற்றிப் பார்த்தோம், தார்ப்பாய் போட்டுப் பார்த்தோம், ஒழுக்கு நிற்கவே இல்லை.

மூன்றாவது மரநாய். ராத்திரி ஓட்டைத் தள்ளிக்கொண்டு மச்சுக்குள் குடியிருக்கிற இந்தப் பிராணியைப் பற்றி ஓட்டு வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் வேலை. முதலில் சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார்கள். எடுத்ததும் பூசவில்லை. சுவரை அப்படியே அம்மணமாக ஒரு கோடை முழுக்கக் காயவிட்டார்கள். இந்தக் கட்டத்தில்தான் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். வாசல் பக்கம் தெரு ஓரமாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, தண்ணீர் சுவரில் நிற்காமல் ஓடைக்குப் போக வழிசெய்தார்கள்.

சுண்ணாம்பைக் கொத்தனார் வீட்டுப் புறவாசலிலேயே தொட்டி கட்டி நீற்றினார். கடையில் விற்கிற பாக்கெட் சுண்ணாம்பைத் தொடமாட்டார். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரில் விழும்போது கொதிக்கிற கொதிப்பைப் பார்த்தால் பயமாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தொட்டிக்கு மூடி போட்டே ஆக வேண்டும். வாரக்கணக்கில் ஊறவிட்டு, வெண்ணெய்போலத் திரண்டதும் மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைத்தார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்ட தண்ணீரை ஊற்றிக் குழைத்தார்கள். கடுக்காய் கோட்டாற்று நாட்டு மருந்துக்கடையில் மூட்டையாக வாங்கினோம். கருப்பட்டிக்குத்தான் அலைச்சல். சீனி கலந்த கருப்பட்டியைக் கொத்தனார் நாக்கில் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல கருப்பட்டி விலைக்கு, இதைச் சுவரில் பூசுவதா என்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தத் தண்ணீர் புளித்து வருகிற வாடை பக்கத்து வீடு வரைக்கும் போகும். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இங்கே அவர்களுடைய நேர்மைக்கு ஒரு உதாரணம். தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைத் தரை நம் எல்லோருக்கும் கண்ணில் இருக்கும். முட்டை வெள்ளைக்கரு, சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துப் போட்ட, முகம் தெரிகிற கறுப்புத் தரை. திருவிதாங்கூர் தலைநகரம் 1795-ல் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் அது மங்கவில்லை. பட்டாசாலைக்கு அப்படி ஒரு தரை வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆள் தெரியும், செய்துவிடலாம் என்று சொல்லி முன்பணம் வாங்கியிருக்கலாம். 'எனக்கு அந்தப் பதம் தெரியாது அக்கா, தெரியும்ணு சொல்லுதவன நம்பாதிய' என்று கொத்தனார் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த சிவப்பு ஆக்சைடு தரையைப் போட்டுக் கொடுத்தார். வெடிப்பில்லாமல் வந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க மெருகேறுகிறது.

கூரை வேலை ஆசாரியுடையது. ஓடு முழுவதையும் இறக்கி, நாரால் தேய்த்துக் கழுவி அடுக்கினார்கள். மங்களூரில் 1865-ல் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு தொடங்கிய தொழிற்சாலைதான் இந்த மாதிரி ஓட்டுக்கு வழிகாட்டி. எங்கள் ஓட்டின் அடியில் கொல்லத்து முத்திரை இருக்கிறது. நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் அங்கிருந்து சாமான் வருவது இயல்புதானே. நூறு சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு பிடிக்கும். உடைந்துபோனதற்குப் புது ஓடு வாங்கப் போனபோது தடுத்துவிட்டார். ஒரு கம்பெனி ஓட்டின் பல் இன்னொரு கம்பெனி ஓட்டில் சரியாக உட்காராதாம், அந்த இடைவெளியில்தான் ஒழுகுமாம். இடித்த வீட்டுச் சாமான் விற்கிறவரிடம் அதே முத்திரை ஓட்டைத் தேடி எடுத்து வந்தார். தெருவில் இடிபட்ட ஏதோ ஒரு வீட்டின் ஓடாகக்கூட அது இருக்கலாம்.

கழுக்கோல் பலதும் அயினி மரம். பாத்தி (ஓட்டுத் தண்ணீரை வாங்கி விடுகிற தகர வாய்க்கால்) ஒழுகிய இடத்தில் அடிமுனை மட்டும் உளுத்திருந்தது. முழுக் கழுக்கோலையும் மாற்றுவார் என்று நினைத்தேன். உளுத்த ஒன்றரை அடியை மட்டும் சாய்வாக அறுத்து, அதே அயினியில் புதுத் துண்டு இணைத்து, மர ஆணி அடித்து முடுக்கினார். இணைப்பு இருக்கிற இடத்தை நான் கைவைத்துத் தேடித்தான் கண்டுபிடிக்க முடிகிறது. மரம் முழுவதற்கும் அண்டி எண்ணெய் அடித்தார்கள். நம் அண்டியாபீஸ்களில் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வடிக்கிற அந்தக் கறுப்பு எண்ணெய்தான். செதல் கிட்ட வராது. ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும், அடிக்கிற அன்று வீட்டில் யாரும் இருக்காமல் இருப்பது நல்லது. மரநாய்க்கு, ஓட்டு நுனி நெடுக கம்பி வலை.

பொதுச்சுவர்ச் சந்து விஷயத்தில்தான் இவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது. பக்கத்து வீட்டாரோடு நாங்கள் ஏற்கெனவே முகம் கொடுத்துப் பேசாத நிலை. ஆசாரி தானே போய், 'உங்க செவுத்துலயும் ஈரம் ஏறும் அண்ணாச்சி, இப்பமே பாத்துக்கிட்டா ரெண்டு வீட்டுக்கும் நல்லது' என்று பேசி, அவர்கள் மட்டுப்பாவில் (மொட்டைமாடியில்) ஏறி வேலை செய்ய அனுமதி வாங்கினார். ஆடிப்போன தலைப்பகுதியைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். புதுச் சுவரில் ஒரு கோடு வெட்டி, அதில் அலுமினியத் தகட்டைச் செருகி, எங்கள் ஓட்டின்மேல் மடக்கி விட்டார்கள். சந்தில் இறங்கிய தண்ணீர் இப்போது தகட்டில் விழுந்து முற்றத்துக்கு வந்துவிடுகிறது. போன கார்த்திகை மழையில் மச்சில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டு அக்காவும் இப்போது பேசுகிறார்.

அம்மாவுக்காகப் படுக்கையறையை ஒட்டி ஒரு குளியலறை கட்ட வேண்டும் என்றேன். பழைய முறை, புதிய முறை என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. அதைச் சிமெண்டிலும் டைல்ஸிலும்தான் கட்டினார்கள். ஆனால் அதன் சுவரைப் பழைய சுவரோடு சேர்க்கவில்லை, நடுவில் இடம்விட்டுத் தனியாக நிறுத்தினார்கள். இரண்டும் இரண்டு விதமாக இறங்கும், சேர்த்துக் கட்டினால் வெடிக்கும் என்பது கொத்தனார் கணக்கு. புது வீட்டில் இருக்கிற வசதியில் எங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது இது ஒன்றுதான்.

இனி குறைகள்.

நேரம். மூன்று மாதம் என்றார்கள், ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சுவர் காய்வதற்குப் போன காலத்தை நான் சொல்லவில்லை. நடுவில் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டு, போன் எடுக்காமல் இருந்த வாரங்கள் உண்டு. கோயில் கொடை, கல்யாணம், மழை என்று வராத நாட்களும் நிறைய. நீங்கள் உள்ளூரில் இல்லாமல் சென்னையிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு போனிலேயே வேலை வாங்க நினைத்தால் இவர்களைக் கூப்பிடாதீர்கள்.

கணக்கு. எழுத்தில் எதுவும் கிடையாது. நாள்கூலி, சாமான் வாங்கிய சீட்டு, அவ்வளவுதான். நான் நோட்டுப் போட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதி, ஆசாரியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். சங்கடப்படாமல் போட்டார், ஒரு ரூபாய் கூடக் குறைய இல்லை. ஆனாலும் வங்கிக்கடன் வேண்டுமென்றால் பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீடு வேண்டும், அதை இவர்களால் தர முடியாது. கைக்காசு இருந்தால்தான் இந்த வழி. எங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம் ஆனது. புதிதாகக் கட்டியிருந்தால் அதைப்போல நாலு மடங்கு.

மின்சார வேலை இவர்களுக்கு வராது. பழைய வயரிங்கை மாற்றத் தனியாக ஆள் பிடித்தேன். அவர் வந்து புதுச் சுண்ணாம்புப் பூச்சைத் தாறுமாறாக வெட்ட, கொத்தனாருக்கும் அவருக்கும் சண்டை. பூச்சுக்கு முன்னால் வயரிங்கை முடிக்க வேண்டும் என்பதை வேலைத் திட்டம் போடுகிறவர்தான் சொல்லியிருக்க வேண்டும். இவர்களில் அப்படி ஒருவர் இல்லை, அது பெரிய குறை.

சுண்ணாம்புச் சுவர் சிமெண்ட்போல உடனே இறுகாது. நாள் செல்லும். அதுவரைக்கும் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், ஆணி அடிக்கக் கூடாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும், ஒவ்வொரு சாரலுக்கு முன்னாலும் ஆள் ஏற்றி ஓட்டைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் தொந்தரவு என்று நினைக்கிறவர்களுக்குப் புது வீடுதான் நல்லது. அதில் தப்பில்லை.

வெயிலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். சித்திரையில் பக்கத்து வீட்டு மேல்மாடியில் ராத்திரி பதினொரு மணிக்கும் கூரை அனல் கக்குகிறது, ஏசி இல்லாமல் படுக்க முடியாது என்கிறார்கள். அதே நேரத்தில் எங்கள் பட்டாசாலையில் மின்விசிறியே போதும். மத்தியானத்தில் அந்த அக்கா எங்கள் நடையில் வந்து உட்கார்ந்துதான் பயறு ஆய்கிறார். ஆனால் வெளிச்சத்துக்கு அவர்கள் வீடுதான், எங்கள் அறைகளில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஆசாரி அடுக்களைக்கு மேல் இரண்டு கண்ணாடி ஓடு வைத்துக் கொடுத்ததில் கொஞ்சம் தேவலை.

கூப்பிடுகிறவர்கள் யாராக இருந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: மழையில் வந்து பார்ப்பீர்களா, சுண்ணாம்பை எங்கே நீற்றுவீர்கள், இதற்கு முன் செய்த வீட்டில் இரண்டு மழைக்காலம் கழிந்திருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு அந்த வீட்டுக்கே நேரில் போய்ப் பாருங்கள். நான் சித்தி வீட்டு மச்சில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன்.

எங்கள் வீட்டில் தெருப்பக்கத்துத் தகரப் பாத்தி மட்டும் இன்னும் பாக்கி. புரட்டாசிக்குள் மாட்டித் தருவதாகச் சொல்லி, அதற்கான கூலியை இன்னும் வாங்காமல் வைத்திருக்கிறார்கள். மாட்டி முடித்ததும், ஐப்பசி மழை பார்த்துவிட்டு இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.